மெல்பர்ன் குடியேற்ற அருங்காட்சியகம்: பெட்டியைவிடப் பெட்டிமேல் ஒட்டிய சீட்டு முக்கியம்

மெல்பர்ன் நகர மையத்தில், ஃபிளிண்டர்ஸ் தெரு 400ஆம் இலக்கத்தில் இருக்கிறது குடியேற்ற அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தவர்களின் வாழ்க்கையைப் பொருள்கள் வழியாகப் பார்க்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இங்கே போகலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. கண்ணாடிக்குள் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பழைய பெட்டி என்று மட்டும் பார்த்தால் பத்து விநாடியில் நகர்ந்துவிடுவோம். அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படிக்கத் தெரிந்தால் பத்து நிமிடம் அங்கேயே நிற்போம். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், ஏறக்குறைய எந்த ஆண்டு, கப்பலுக்குள் அந்தப் பெட்டி எங்கே கிடந்தது என்பதெல்லாம் அந்தச் சீட்டுகளில் இருக்கிறது.

கட்டடமே இங்குள்ள மிகப் பெரிய காட்சிப்பொருள். இது பழைய சுங்க மாளிகை. எதிரே யாரா ஆறு ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சிறு கப்பல்கள் இந்த இடம்வரை ஆற்றில் ஏறி வந்து திரும்பிப் போயின. சற்று மேலே பாறைகள் குறுக்கிட்டதால் அதற்குமேல் போக வழியில்லை. சுங்க அலுவலகம் இங்கே வந்ததற்குக் காரணம் அதுதான். மேல்தளத்தில் இருக்கும் ‘நீண்ட அறை’யைத் தவறவிடாதீர்கள். உயர்ந்த தூண்கள் நிற்கும் இந்தக் கூடத்தில்தான் கப்பல் முகவர்களும் இறக்குமதியாளர்களும் எழுத்தர்கள் முன் வரிசையில் நின்று கணக்கு முடித்தார்கள். 1960கள்வரை சுங்கத் துறை இங்கே இயங்கியது. 1998இல் அருங்காட்சியகம் திறந்தது. ஊருக்குள் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தீர்மானித்த கட்டடத்திலேயே வந்தவர்களின் பெட்டிகளைக் காட்சிக்கு வைத்திருப்பது பொருத்தமான ஏற்பாடு.

காலை 10 மணி முதல் மாலை 5 மணிவரை திறந்திருக்கும். புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் விடுமுறை. பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு, சிறுவர்களுக்கு இல்லை. மின்தூக்கி இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் மேல்தளம் எட்டும். பள்ளி நடக்கும் காலத்தில் வார நாள் காலையில் மாணவர் கூட்டம் வரும். அவர்களுக்காகவும் அமைத்த இடம் என்பதால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட்டுகளை நிதானமாகப் படிக்க விரும்புவோர் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் போவது நல்லது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நீண்ட அறையின் நடுவே ஒரு கப்பலின் மாதிரி நிற்கிறது. அதற்குள் மூன்று காலத்துக் கப்பல் அறைகளை அமைத்திருக்கிறார்கள்: 1840களின் பாய்மரக் கப்பலில் ஏழைப் பயணிகள் அடைந்து கிடந்த கீழ்த்தளம், 1900களின் நீராவிக் கப்பல் அறை, 1950களின் பயணிகள் கப்பல் கேபின். உள்ளே போய் அடுக்குப் படுக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது, ஓர் ஆளுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பது உடம்புக்கே புரிந்துவிடுகிறது. குழந்தைகளோடு வருபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இந்த மாதிரி சொல்லாத விஷயங்களும் உண்டு. 1950களின் கேபினைப் பார்த்துவிட்டு, போருக்குப் பின் வந்த எல்லோரும் குடும்பத்தோடு ஓர் அறையில் படுத்து வந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அகதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல்கள் படைவீரர்களைச் சுமப்பதற்காகக் கட்டியவை. அவற்றில் சரக்கறைக்குள் மூன்று நான்கு அடுக்காகப் படுக்கைகள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் வேறு பக்கம். ‘ஜெனரல் ஸ்டூவர்ட் ஹைன்ட்ஸல்மன்’ அப்படிப்பட்ட கப்பல். பால்டிக் நாடுகளைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்டோரோடு அது 1947 நவம்பர் 28 அன்று மேற்கு ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமாண்டில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து அவர்கள் ‘கனிம்ப்லா’ கப்பலில் மெல்பர்னுக்கும், பிறகு ரயிலில் புதிதாக வந்தவர்களைத் தங்கவைத்த போனகில்லா முகாமுக்கும் போனார்கள். இப்படி வந்த அகதிகள் இரண்டு ஆண்டுகள் அரசு சொன்ன இடத்தில், சொன்ன வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். வெப்பத்தையும் மாதிரியில் காட்ட முடியாது. குளிர்சாதனம் இல்லாத கப்பல் செங்கடலைக் கடக்கும்போது பலர் கீழே தூங்க முடியாமல் மேல்தளத்துக்குப் போய்ப் படுத்தார்கள். அருங்காட்சியகத்தின் சீரான குளிர்ச்சியில் நிற்கும்போது இதை நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பெட்டிகள். முதலில் உயரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 14 அங்குல உயரத்தில் தட்டையாக இருந்தால் அது கேபின் டிரங்கு. படுக்கைக்கு அடியில் தள்ளிவிடுவதற்காக அந்த அளவில் செய்தது. அதைவிட உயரமானது கப்பலின் அடியறைக்குப் போன பெட்டி. பயணம் முடியும்வரை உரிமையாளர் கண்ணில் படாது. இதைச் சீட்டே சொல்லிவிடும். ‘கேபின்’ என்று இருந்தால் அறைக்குள் வந்தது. ‘பயணத்தில் தேவை’ என்றால் நடுவில் குறிப்பிட்ட நாள்களில் திறந்துகொள்ளும்படி தனி அறையில் வைத்தது. ‘பயணத்தில் தேவையில்லை’ என்றால் அடியறை. இந்த மூன்றாவது சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் இருந்தவைதான் ஒரு குடும்பம் புது வாழ்க்கைக்கு எதை நம்பியது என்பதைக் காட்டும்: தையல் இயந்திரம், தச்சு இழைப்புளி, இறகு மெத்தை, சமையல் பாத்திரம், கல்யாணத்துக்கு நெய்த துணி.

பெரிய ஒற்றை எழுத்து மட்டும் அச்சிட்ட சீட்டையும் பெட்டிகளில் காணலாம். அது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. கரை சேர்ந்ததும் சுங்கக் கொட்டகையில் எழுத்து வரிசைப்படி பெட்டிகளை அடுக்குவார்கள். தன் எழுத்துக்குக் கீழே போய் நின்று பெட்டியைத் தேட வேண்டும். சோதனை முடிந்ததும் அதிகாரி சாக்குக்கட்டியால் ஒரு குறி போடுவார். அந்தச் சாக்குக் குறி இன்னும் அழியாமல் இருக்கும் பெட்டி கிடைப்பது அரிது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத் துடைத்துவிடுவார்கள்.

ஆண்டைக் கண்டுபிடிக்கச் சில பிடிமானங்கள் உண்டு. ‘பி அண்ட் ஓ – ஓரியன்ட்’ என்று இரண்டு கப்பல் நிறுவனங்களின் பெயரும் சேர்ந்து அச்சிட்ட சீட்டு 1960க்கும் 1966க்கும் இடைப்பட்டது. அதற்கு முன் இரண்டும் தனித்தனிப் பெயரில் ஓடின. ரசீதில் பவுண்டும் ஷில்லிங்கும் இருந்தால் 1966 பிப்ரவரி 14க்கு முந்தையது. அன்றுதான் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியது. ஏடன், போர்ட் சயீத் பெயர்கள் இருந்தால் கப்பல் சூயஸ் வழியாக வந்திருக்கிறது. 1956 இறுதியிலிருந்து 1957 ஏப்ரல்வரையிலும், 1967 ஜூனிலிருந்து 1975 ஜூன்வரையிலும் கால்வாய் மூடிக் கிடந்தது. அந்தக் காலத்துச் சீட்டுகளில் கேப் டவுனும் டர்பனும் தலைகாட்டும். இதில் வழக்கமாக நேரும் பிழை ஒன்று: ஒரே பெட்டியை இரண்டு மூன்று பயணங்களுக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். மேலே பளிச்சென்று தெரியும் சீட்டு, பத்து ஆண்டு கழித்து ஊரைப் பார்த்துவரப் போனபோது ஒட்டியதாக இருக்கலாம். குடியேற வந்த கப்பலின் சீட்டு அதற்கு அடியில் ஓரம் கிழிந்து கிடக்கும். எனவே எது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

கப்பல் பெயர்களுக்குப் பின்னாலும் பெரிய வரலாறு இருக்கிறது. சிட்மார் கப்பல் நிறுவனத்தின் ‘ஃபேர்சீ’, ‘ஃபேர்ஸ்கை’ இரண்டும் போரில் துணை விமானந்தாங்கிக் கப்பல்களாக இருந்தவை. அவற்றின் உட்புறத்தை மாற்றிப் பயணிகள் கப்பல் ஆக்கினார்கள். நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டிய பெயர் ‘காஸ்டெல் ஃபெலிச்சே’. 1930இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காகக் கட்டியபோது அதன் பெயர் ‘கென்யா’. பம்பாய்க்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் இடையே ஓடியது. போருக்கு முன் இந்தியர்களை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன அதே கப்பல், 1950களிலும் 60களிலும் ஐரோப்பியர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தது. 1970இல் அதை உடைத்துவிட்டார்கள். பெட்டியே மிஞ்சாத பயணமும் உண்டு. 1958இல் இந்தியப் பெருங்கடலில் தீப்பிடித்த ‘ஸ்காப்ரின்’ கப்பலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர்காப்புப் படகுகளில் தப்பினார்கள்; பெட்டி படுக்கை எல்லாம் கப்பலோடு போயிற்று. அந்தக் குடும்பங்களிடம் காட்சிக்குக் கொடுக்க டிரங்குப் பெட்டி இருக்காது.

தமிழ் வாசகர்கள் இந்தக் கூடங்களில் கொழும்பைத் தேடிப் பார்க்க வேண்டும். சூயஸ் வழியில் வந்த கப்பல்களில் பல ஏடனை அடுத்துக் கொழும்பில் நின்றுதான் ஃப்ரீமாண்டிலுக்குப் போயின. பயணிகள் ஒரு நாள் இறங்கிச் சுற்றி, கருங்காலி யானையும் தேயிலையும் பித்தளைத் தட்டும் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். போலந்து, இத்தாலி, இங்கிலாந்துக் குடும்பங்களின் பொருள்களுக்கு நடுவே ஒரு மர யானை இருந்தால் அது எங்கே வாங்கியது என்று ஊகிப்பது கடினமல்ல. நிலநடுக்கோட்டைக் கடந்ததற்காகக் கடலரசன் வேடமிட்டவர் கையால் கொடுத்த சான்றிதழ்களும் கொழும்பை விட்ட ஓரிரு நாளில் கைக்கு வந்தவையே.

கொழும்பிலிருந்து ஏறி வந்தவர்கள் கதை வேறு. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபின், ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான இலங்கைப் பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். ஐரோப்பியர் அல்லாதோரைக் குடியேற விடாத ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கை நடப்பில் இருந்ததால், முன்னோரில் முக்கால் பங்கு ஐரோப்பியர் என்று நிரூபிக்கும்படி கேட்டார்கள். வம்சாவளிப் பட்டியலும் ஞானஸ்நானச் சான்றும் கடவுச்சீட்டுக்குச் சமமான பயண ஆவணங்கள் ஆயின. அதற்கும் முன்பு, 1947 ஆகஸ்ட் 15 அன்று ‘மனூரா’ என்ற கப்பல் 700க்கும் மேற்பட்ட ஆங்கிலோ-இந்தியர்களோடு பம்பாயிலிருந்து ஃப்ரீமாண்டில் வந்து சேர்ந்தது. வந்தவர்களில் பலர் போதிய வெள்ளையாக இல்லை என்று அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். விதிகள் மேலும் இறுகின. தமிழர்கள் கணிசமாக வரத் தொடங்கியது அந்தக் கொள்கை 1973இல் முழுதாக ஒழிந்த பிறகு, அதிலும் 1983க்குப் பின், விமானத்தில். ஆகவே இந்தக் கப்பல் கூடத்தில் நம் முகங்கள் குறைவாக இருந்தால் அது அருங்காட்சியகத்தின் மறதி அல்ல; சட்டம் கதவை மூடி வைத்திருந்ததன் விளைவு.

அந்தக் கதவு எப்படி வேலை செய்தது என்பதை விளக்கும் ‘உள்ளே வருதல்’ கூடம்தான் இங்கு மிகச் சிறந்த பகுதி. பார்வையாளரே குடியேற்ற அதிகாரியாக அமர்ந்து, வெவ்வேறு காலத்து விண்ணப்பதாரர்களின் பேட்டியைக் கேட்டு, விடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 1901இல் வந்த சட்டத்தின்படி, அதிகாரி தான் விரும்பும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் கொண்ட பத்தியை வாசிப்பார். வந்தவர் அதை எழுதிக் காட்ட வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் வைத்துத் தோற்கடிக்கலாம். இந்தத் தேர்வு 1958வரை சட்டத்தில் இருந்தது. பதின்வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்த இடத்துக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் வேண்டும்.

வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்ற குறை அடிக்கடி காதில் விழும். அதற்குக் காரணம் இருக்கிறது. காகிதமும் துணியும் 50 லக்ஸ் அளவு வெளிச்சத்துக்குமேல் தாங்காது. சாயம் போய்விடும், போன சாயம் திரும்பாது. கப்பல் புறப்படும்போது கரையில் நிற்பவரும் மேல்தளத்தில் நிற்பவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ளும் வண்ணக் காகிதச் சுருள்களை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுருக்கக் காகிதத்தின் சாயம் ஒரு சொட்டு ஈரம் பட்டாலே கசியும், வெயிலில் சில வாரத்தில் வெளுக்கும். கப்பல் நகர நகர அறுந்து போவதற்கென்றே இருந்த பொருள் அது. ஐம்பது அறுபது ஆண்டு கழித்து ஒரு துண்டு மிஞ்சியிருப்பதே பெரிது. கண்ணாடிமுன் நின்று ஒரு நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டால் எழுத்துத் தெரியும். கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். எங்கள் உண்மையான குறை வேறு: கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பெட்டிக்கு ஒரு முகம்தான் தெரியும். பக்கவாட்டுச் சீட்டுகளும் மூடியின் உட்புறமும், அங்கே ஒட்டிய செய்தித்தாளும் தச்சர் பென்சில் குறியும், கண்ணுக்கு எட்டாது. பேழைக்கு அடியில் சாய்த்த முகம்பார்க்கும் கண்ணாடியோ நான்கு பக்கப் படமோ வைத்தால் பாதிக் குறை தீரும். விக்டோரியா அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்பில் பொருள்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். போவதற்கு முன்பே கப்பல் பெயரையோ நாட்டின் பெயரையோ இட்டுத் தேடிவிட்டுப் போனால் கண்ணாடிமுன் நிற்கும்போது என்ன பார்க்கிறோம் என்று தெரியும்.

இங்கே வந்துபோனபின் வீட்டுப் பரணிலிருக்கும் பழைய பெட்டியை இறக்கிச் சுத்தம் செய்யத் தோன்றும். அங்கேதான் பெரும் சேதம் நடக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் சீட்டும் எழுத்தும் சாக்குக் குறியும் போய்விடும்; பெட்டி பளபளக்கும், அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். சீட்டின் பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தால் வீட்டுப் பசை வைத்து அமுக்காதீர்கள். ஒளிபுகும் ஒட்டுநாடா இன்னும் மோசம்: சில ஆண்டில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கப்பல் டிக்கெட்டையோ அடையாளத் தாளையோ லேமினேட் செய்தால் சூட்டில் உருகிய பிளாஸ்டிக் இழைக்குள் புகுந்துவிடும்; பிறகு பிரிக்க வழியே இல்லை. அமிலமில்லாத தாளில் வைத்து பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கொட்டகையில் வைத்தால் ஈரமும் வறட்சியும் மாறிமாறி வந்து அடுக்குகள் பிரியும். ஆணி துருப்பிடித்துக் கறை பரவும். சீட்டுப் பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும். வீட்டுக்குள், வெளிச்சுவரை ஒட்டாத இடத்தில், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், யாருடையது, எந்தக் கப்பல், உள்ளே என்ன வந்தது என்று முதலில் எழுதிவையுங்கள். அந்த விவரம் இல்லாத பெட்டியை ஏற்பதற்கு எந்தச் சேகரிப்பும் தயங்கும்.

அருங்காட்சியகத்தோடு நிறுத்தாமல் ஸ்டேஷன் பியர் துறைமேடைக்கும் போய்வாருங்கள். காலின்ஸ் தெருவில் 109ஆம் எண் ட்ராம் ஏறினால் கடைசி நிறுத்தம் மேடைக்கு எதிரேயே. நகர மையத்தில் ட்ராம் இலவசம் என்று நம்பிப் பலர் மைகி என்ற பயணக் கட்டண அட்டையைத் தட்டாமல் ஏறிவிடுகிறார்கள். போர்ட் மெல்பர்ன் இலவச எல்லைக்கு வெளியே இருக்கிறது, அபராதம் விழும். அந்த ட்ராம் ஓடும் தடமே ஒரு வரலாற்றுப் பொருள். 1854 செப்டம்பர் 12 அன்று ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயில் ஓடிய பாதை அது. போருக்குப் பின் வந்தவர்களில் பலர் கப்பலிலிருந்து இறங்கி மேடையிலேயே ரயில் ஏறி, 1947 முதல் 1971வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கிப்போன போனகில்லா முகாமுக்குப் போனார்கள். பயணக் கப்பல் கட்டியிருக்கும் நாளில் மேடையின் பெரும்பகுதி பாதுகாப்பு வேலிக்குள் போய்விடும் என்பதால் துறைமுகத்தின் கப்பல் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேற்கே சிறிது நடந்தால் பிரின்சஸ் பியர். முன்பகுதியை மட்டும் செப்பனிட்டுவிட்டு, மீதியில் தளத்தை எடுத்து மரக்கால்களைத் தண்ணீருக்குள் அப்படியே நிற்க விட்டிருக்கிறார்கள். எதிர்க்கரை வில்லியம்ஸ்டவுனில் ‘காஸல்மெய்ன்’ என்ற போர்க்காலக் கண்ணிவாரிக் கப்பலைத் தன்னார்வலர்கள் பராமரித்துக் காட்டுகிறார்கள். வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொந்தக் குடும்பம் வந்த கப்பலைத் தேடுவோர், பெட்டிச் சீட்டில் கிடைத்த கப்பல் பெயரையும் ஏறக்குறைய ஆண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலுக்குப் போக வேண்டும். 1924க்குப் பிந்தைய பயணிகள் பட்டியல்கள் அங்கேதான் இருக்கின்றன. விக்டோரியா மாநில ஆவணக் காப்பகத்தில் 1923வரை மட்டுமே. மெல்பர்னில் இறங்கியவர் என்றாலும் ஃப்ரீமாண்டில் பட்டியலையும் பாருங்கள். அதுதான் கப்பல் தொட்ட முதல் ஆஸ்திரேலியத் துறைமுகம். கிழக்கே போகவிருந்தவர்கள் பெயரும் அதில் இருக்கும். காப்பகத்தில் அந்தப் பட்டியல் தொகுப்பின் எண் கே269 (K269). பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். கிரேக்க, போலந்து, இலங்கைப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கோப்பின் எதிரே ‘இன்னும் பரிசீலிக்கப்படவில்லை’ என்று வந்தால் கோப்பு இல்லை என்று பொருளல்ல. அங்கேயே அனுமதி விண்ணப்பத்தை நிரப்புங்கள். அவர்கள் படித்துப் பார்த்துத் திறப்பார்கள்.